குடுமி இல்லாதவனைக் காப்பாற்றுவது எப்படி?

எனக்கு ஊர் தாராசுரம். கும்பகோணத்துக்குப் பக்கத்துல என்று சேர்த்துச் சொன்னால்தான் பாதிப் பேருக்குப் புரியும். மீதிப் பேர் "ஓ, படியைத் தட்டினா சத்தம் வருமே, அந்தக் கோயிலா?" என்பார்கள். அந்தக் கோயிலேதான். (படிக்குக் கம்பி போட்டு மூடி வருஷக்கணக்காச்சு. தட்ட முடியாது.) இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டினது. இந்திரனோட யானை ஐராவதம் இங்க குளத்துல குளிச்சுத்தான் போன வெள்ளை நிறத்தைத் திரும்ப வாங்கிச்சாம். சாபத்தால உடம்பெல்லாம் எரிச்சல் வந்த எமனும் இங்க வந்து முங்கி குணமானாராம். குளத்துக்கே எம தீர்த்தம்னு பேர். எமனே குளிச்சுட்டுக் கரையேறின ஊர்க்காரன் நான், தண்ணியில எனக்கென்ன பயம் என்று காலேஜில் அளந்துகொண்டிருந்தவன். அந்த வாய்க்கொழுப்பு அடங்கின கதைதான் இது.

நீச்சல் கற்றது அரசலாற்றில். காவிரியிலிருந்து பிரிந்து எங்க ஊர் வழியா ஓடி, காரைக்காலில் கடலில் சேர்கிற ஆறு. சொல்லிக் கொடுத்தது தாத்தா. முதுகில் காலி மண்ணெண்ணெய் டின்னைக் கட்டித் தள்ளிவிடுவார். நீச்சல் வந்த பிறகு இன்னொரு பாடம் எடுத்தார். அதை நான் கேட்டு முடிக்கும்வரை சோறு கிடையாது.

"டேய், முழுகுறவன் கிட்ட முன்னாடி போகாதே. கட்டிப் புடிச்சிருவான். அவனுக்கு நீ ஆளு இல்ல, மரக்கட்டை. ஏறி நிப்பான். முதுகுப் பக்கமா போ. குடுமியப் புடி. கைய நீட்டிப் புடிச்சு இழுத்துகிட்டு வா. திரும்பிக் கட்டிகிட்டான்னா, கீழ முங்கிடு. அவனே விட்டுருவான்."

இதை அவர் சும்மா சொல்லவில்லை. எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில், தண்ணி நிறைய போன ஒரு ஆடி மாசம், தம்பி முழுகுறான்னு அண்ணன் குதித்தார். அண்ணனுக்கு நல்லா நீச்சல் தெரியும். மறுநாள் மதகுப் பக்கம் ரெண்டு பேரையும் எடுத்தபோது கட்டிப்பிடித்தபடியே இருந்தார்கள். நான் அப்போ நாலாவது படிக்கிறேன். பார்க்கக் கூடாதுன்னு சொல்லியும் போய்ப் பார்த்துட்டேன்.

*

இப்போ நண்பன். பேரைப் போட்டால் கொன்றுவிடுவான், அதனால் ஸ்கூல் பட்டப்பெயரே போதும்: தறி. வீட்டில் பட்டுத்தறி. தாராசுரத்தில் பல தெருக்களில் காலையில் காக்கா சத்தத்துக்கு முன்னாடி தறிச்சத்தம் கேட்கும். இவன் அந்தச் சத்தத்தில் தூங்கி, அந்தச் சத்தத்தில் படித்து, என்னை மாதிரியே இஞ்சினியரிங் முடித்து, என்னை மாதிரியே சென்னையில் பொட்டி தட்டுகிறான். ஒரே ரூம். ஒரே பிரியாணிக் கடை. ஒண்ணு மட்டும் வித்தியாசம். அவனுக்கு ஆறு பழக்கமில்லை. அவன் அம்மா விடமாட்டார்கள். நீச்சலை சென்னை வந்த பிறகு நீச்சல்குளத்தில் காசு கட்டிக் கற்றான்.

ஸ்கூபா ஆசை என்னுடையது. அவனை இழுத்துக்கொண்டு போனவன் நான். ரெண்டு பேரும் கோர்ஸ் முடித்து, கார்டு வாங்கி, ஏழெட்டு முறை இறங்கியும் விட்டோம். ஸ்கூபாவில் தனியா இறங்கக் கூடாது, ஜோடியாத்தான் போகணும். அந்த ஜோடிக்கு 'பட்டி' என்று பெயர். (ஆட்டுப்பட்டி இல்லைங்க.) இறங்குவதற்கு முன்னால் ஒருத்தர் சாமானை இன்னொருத்தர் சோதிக்க வேண்டும். காற்றுச் சட்டை ஊதுதா, வெயிட் பெல்ட் பக்கிள் எந்தப் பக்கம், டேங்க் வால்வு முழுசா திறந்திருக்கா, மூச்சுக் குழாய் சரியா வருதா. மொத்தம் ரெண்டு நிமிஷம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷத்தைப் பற்றித்தான் கடைசியில் பேசணும்.

2024 மார்ச். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு மீனவர் குப்பம். ஃபைபர் போட். காலையிலேயே கடல் கொஞ்சம் கொந்தளிப்பாத்தான் இருந்தது. தூரமா போக வேண்டாம், கரையிலிருந்து 400 மீட்டரில், ஆறேழு மீட்டர் ஆழத்தில் சும்மா பயிற்சிக்கு இறங்கலாம் என்று முடிவானது. கூட வந்த இரண்டு புதியவர்களோடு பயிற்சியாளர் தனியாகப் போனார். நாங்கள் கார்டு வைத்திருக்கும் பெரிய மனுஷங்க, நாங்க தனி ஜோடி.

சோழமண்டலக் கரையைப் பற்றி ஒரு விஷயம். இந்தக் கரையில் அலை உடைகிற வரிசையைத் தாண்டுவதே ஒரு வித்தை. சென்னைக்குத் துறைமுகம் கட்டுகிற வரைக்கும் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகில்தான் கரைக்குக் கொண்டு வருவார்கள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு என்றால் அலை தூக்கிப் போடுகிற போடில் விரிந்துவிடும். தைத்தது வளைந்து கொடுக்கும். கூடவே கட்டுமரங்கள் வரும், விழுந்தவர்களைப் பொறுக்கி எடுக்க. வெள்ளைக்காரன் லண்டனிலிருந்து இங்க வரைக்கும் பத்திரமா வந்து, கடைசிக் கொஞ்ச தூரத்தில் நம்ம ஆட்களைக் கும்பிட்டிருக்கிறான்.

காரணம் எளிது. ஆழம் குறையும்போது அலையின் அடிப்பக்கம் தரையில் உரசி வேகம் குறைகிறது, மேல்பக்கம் முந்துகிறது, கவிழ்கிறது. ஒன்றரை மீட்டர் அலை சுமார் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடையும். அதுவரைக்கும் அது உங்களைத் தூக்கித் தாலாட்டும். அதற்கப்புறம் தூக்கி அடிக்கும். முதுகில் 15 கிலோ டேங்க் இருந்தால் அதையும் சேர்த்து அடிக்கும்.

*

தண்ணிக்குள் ரெண்டு மீட்டருக்கு மேல் எதுவும் தெரியவில்லை. மோர் மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் தறியைக் காணோம். விதி என்னவென்றால், ஒரு நிமிஷம் சுற்றித் தேடு, இல்லையென்றால் மேலே வா. மேலே வந்தேன். போட் கடல் பக்கம் நூறு மீட்டர் தள்ளி இருந்தது. நீரோட்டம் எங்களைக் கரைப் பக்கமாகத் தள்ளியிருக்கிறது. எனக்கும் கரைக்கும் நடுவில் அலை உடைகிற வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்கு ஒரு முப்பது மீட்டர் இந்தப் பக்கம், தறி.

சினிமாவில் வருகிற மாதிரி 'காப்பாத்துங்க' எல்லாம் இல்லை. சத்தமே இல்லை. மாஸ்க் நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது. ரெகுலேட்டர் வாயில் இல்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணி மட்டத்துக்கு வந்து வந்து போகிறது. இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணியை அமுக்குகின்றன, ஏணியில் ஏறுகிற மாதிரி. ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் 1970களிலேயே இதைப் படம் பிடித்து எழுதியிருக்கிறார். முழுகுகிறவர்களில் பெரும்பாலோர் கத்துவதில்லை. மூச்சு வாங்கவே நேரமில்லாதவன் எப்படிக் கத்துவான்? மேலே இருப்பது 20லிருந்து 60 விநாடி. கோர்ஸில் படித்திருந்தேன். என் ரூம்மேட் முகத்தில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

போனேன். நாலு மீட்டரில் நின்றேன். "டேய் தறி! சட்டையை ஊது! பட்டனை அமுக்கு!" என்று கத்தினேன். என்னைப் பார்த்தான், ஆனால் அது அவன் பார்வையே இல்லை. தாத்தா சொன்னது மாதிரி, மரக்கட்டையைப் பார்க்கிற பார்வை. அடுத்த விநாடி பாய்ந்துவிட்டான். என் மாஸ்க் போச்சு. ரெண்டு கையும் என் தோளில், முழங்கால் என் நெஞ்சில். ஏறுகிறான். நல்லவேளை, ரெகுலேட்டரை நான் கடித்துப் பிடித்திருந்தேன்.

என் சட்டையில் இருந்த காற்றைத் திறந்துவிட்டேன். கீழே முங்கினேன். மேலே போகத் துடிக்கிறவன் கீழே போகிறதைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டான். விட்டுவிட்டான். ஃபின்ஸால் உதைத்து விலகி, நாலு மீட்டர் தள்ளி மேலே வந்தேன்.

கோர்ஸில் சொல்லிக் கொடுப்பதும் இதேதான். சரியாகத்தான் செய்தேன். ஆனால் மேலே வந்தபோது அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை அது அவன் பார்வைதான். நான் அவனை உதைத்துவிட்டு விலகிப் போகிறேன் என்று புரிந்த பார்வை. ஐந்து விநாடிகூட இருக்காது. அந்த ஐந்து விநாடி எனக்கு இன்னும் முடியவில்லை.

அப்புறம் முதுகுப் பக்கமா போனேன். குடுமியைப் பிடிக்கலாம் என்றால், மகராசன் போன வாரம்தான் திருப்பதி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்! வழுக்குப் பாறை மாதிரி இருக்கு தலை. தாத்தா இதுக்கு என்ன செய்யச் சொல்லியிருப்பார்? ஆனால் ஸ்கூபாக்காரனுக்கு முதுகில் இன்னொரு குடுமி இருக்கிறது: டேங்க் வால்வு. அதைப் பிடித்து, டேங்கை ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். இனி அவன் எப்படித் திமிறினாலும் என் மேல் கை படாது.

அவன் சட்டைப் பட்டனை நானே அமுக்கினேன். ஊதவில்லை. மறுபடி அமுக்கினேன். ஊதவில்லை. கையை விட்டுத் துழாவினால், காற்றுக் குழாய் சட்டையில் மாட்டாமல் தனியாகத் தொங்குகிறது.

இடுப்பில் கைவிட்டு வெயிட் பெல்ட் பக்கிளை இழுத்தேன். 6 கிலோ ஈயம் கீழே போனது. ஒரு சாண் மேலே வந்தான். (டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்கிற அமைப்பு வருஷா வருஷம் ஸ்கூபா சாவுகளை ஆராய்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இடுப்பில் வெயிட் அப்படியே இருந்ததாம். ஒரு இழுப்பில் கழன்றுவிடுகிற சாமான்தான்.) சட்டையின் வாய்க்குழாயில் நானே ஆறேழு முறை ஊதினேன். மிதந்தான். இருமினான். வாந்தி எடுத்தான். "டேய்" என்றான். அந்த ஒரு 'டேய்' கேட்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

இதற்கப்புறம்தான் சண்டையே. நான் அவனைக் கடல் பக்கமாக இழுக்கிறேன். அவன் கரைப் பக்கமாகத் திமிறுகிறான்.

"கரை அங்க இருக்குடா! தெரியுது பாருடா! எங்கடா இழுத்துட்டுப் போற?"

ஆத்துல கற்ற நீச்சல் எனக்கும் அதையேதான் சொன்னது. ஆற்றில் மாட்டினால் கரைதான் விடை. ஓட்டத்தோடு சாய்வாக நீந்தி எப்படியாவது கரையைத் தொடு. ஆனால் இங்க கரைக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த வெள்ளைக் கோடு. ஒருத்தன் இருமுகிறான், அவன் வாயில் ரெகுலேட்டர் நிற்கவில்லை. ரெண்டு டேங்க். அந்த அலைக்குள் போனால் எது எங்கே போய் அடிக்கும் என்று தெரியாது. இதுக்கு விடை தாத்தாவிடம் இல்லை. அவர் ஆற்றுக்காரர். கரையை விட்டு விலகிப் போவதுதான் பிழைக்கும் வழி என்று நம்ப எனக்கே கஷ்டமாக இருந்தது.

அவன் காதுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே உதைத்தேன். என்ன பேசுவது? "ஒரு புடவை நெய்ய எத்தன நாள்டா ஆகும்?" என்றேன். "என்னடா?" "உங்கப்பா ஒரு கல்யாணப் புடவை நெய்ய எத்தன நாள்?" "ஜரிகையப் பொறுத்துடா நாயே" என்றான். திட்ட ஆரம்பித்துவிட்டான், இனி பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்தது. விசில் ஊதினேன். போட் எங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டது. மிதவை கட்டின கயிற்றை எறிந்தார்கள்.

போட்டில் ஏறினதும் ஓட்டின அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "தம்பி, கடல்ல பயமே கரைதான்." அப்புறம் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இன்ஜினை மெதுவாக ஓடவிட்டுக் கால் மணி நேரம் சும்மா நின்றார். பெரிய அலைகள் மூன்று நான்கு வரிசையாக வரும், அப்புறம் கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வுக்காக. அது வந்ததும் ஒரே முறுக்கு. கரை.

*

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் ஹீரோ. தறி அப்படித்தான் ஊரில் சொல்லி வைத்திருந்தான். அந்த வருஷம் மேட்டூரில் தண்ணி இல்லாமல் ஜூன் 12க்கு அணை திறக்கவில்லை. ஜூலை 28க்குத்தான் திறந்தார்கள். அப்புறம் கர்நாடகத்திலிருந்து வந்த வரத்தில் ஜூலை 30ஆம் தேதி அணை 120 அடியும் நிரம்பி, ஒரே வாரத்தில் 'தண்ணி எங்கே'யிலிருந்து 'தண்ணிப் பக்கம் போகாதே'க்கு மாறியது. ஆகஸ்ட் 15 லீவுக்கு ஊருக்குப் போனோம். அவன் வீட்டில் எனக்கு இட்லி, கும்பகோணம் கடப்பா, அப்புறம் காபி. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லைனா இவன் இல்லைப்பா" என்றார்கள். தறி நின்றுபோய், அவன் அப்பாவும் எழுந்து வந்தார். ஒண்ணும் பேசவில்லை. தோளைத் தட்டினார்.

இட்லி இறங்கவில்லை.

சாயந்திரம் அரசலாற்றுப் படித்துறையில் உட்கார்ந்தோம். தண்ணி செங்காவியாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன்தான் ஆரம்பித்தான்.

"ஒண்ணு கேக்கவா? ஏன்டா அன்னிக்கு என்ன உதைச்சுட்டுப் போன?"

அஞ்சு மாசமாக இதை உள்ளே வைத்திருந்திருக்கிறான். மதகில் எடுத்த அண்ணன் தம்பியைப் பற்றிச் சொன்னேன். தாத்தா சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினான். அதோடு விட்டிருக்கலாம்.

"அது இல்ல தறி. அந்தக் குழாய் ஏன் மாட்டாம இருந்துச்சு தெரியுமா?"

சொன்னேன். போட்டில் அவன் சாமானைச் சோதித்தது நான். சட்டையை ஊதிப் பார்த்தேன், நல்லா ஊதியது. ஆனால் காற்றுக் குழாய் தோள்பட்டை வாருக்கு அடியில் முறுக்கிக்கொண்டிருந்தது. கழற்றி, வாருக்கு மேலாகக் கொண்டுவந்து மறுபடி மாட்ட வேண்டும். கழற்றினேன். அந்த நேரம் பார்த்து என் போன். ஆபீஸ். சனிக்கிழமை. ஏதோ ரிப்போர்ட்டில் தேதி தப்பா வருது. பேசினேன். பேசி முடித்து, அவனைப் பார்த்து 'ஓகே' என்று கட்டைவிரலைத் தூக்கினேன். சட்டை ஏற்கெனவே ஊதியிருந்ததால் குதித்தபோது மிதந்தான். காற்றைத் திறந்துவிட்டு இறங்கினான். ஊத வேண்டிய தேவை மேலே வந்தபோதுதான் வந்தது.

ஆபீஸில் ஒரு வரி மாற்றினாலும் டெஸ்ட் பண்ணாமல் அனுப்பமாட்டேன். அதுக்காக ஜூனியர் பசங்களைத் திட்டியிருக்கிறேன். அன்னிக்கு டெஸ்ட் பண்ணினதுக்கு அப்புறம் மாற்றி, மறுபடி டெஸ்ட் பண்ணாமல் அனுப்பினது ஒரு ஆளை.

தறி ரொம்ப நேரம் தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து, எதுவும் சொல்லாமல் போய்விட்டான். பைக் சத்தம் பாலம் வரைக்கும் கேட்டது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. காலையில் பஸ் ஏற நின்றபோது வந்தான். என் பையை வாங்கி பைக்கில் வைத்தான்.

"அம்மாட்ட சொல்லல" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "சொல்லவும் மாட்டேன். ஆனா நீ சொன்னது நல்லதுடா. நானே என் தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன். பட்டனைத் தப்பா அமுக்கிட்டேன் போலன்னு. அஞ்சு மாசமா."

இதை நான் யோசித்ததே இல்லை. நான் ஹீரோவாக இருந்த அஞ்சு மாசமும் அவன் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

*

போதும் சோகம். ஆற்றங்கரை, கடற்கரை ஆட்களுக்காகக் கொஞ்சம். ஒருத்தர் முழுகினால் குதிப்பது கடைசி வேலை. முதலில் கயிறு, வேட்டி, புடவை, கழி, வாழைத்தண்டு, காலி பிளாஸ்டிக் குடம், எது கிடைக்கிறதோ எறியுங்கள், நீட்டுங்கள். குதித்தே ஆக வேண்டும் என்றால் கையில் மிதக்கிறது ஒன்றோடு, முதுகுப் பக்கமாக. கடல் என்றால், வெயிலடிக்கிறது, காத்து இல்லை என்று நம்பாதீர்கள். அலை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வரும். கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். அந்தச் சமயத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. பீச்சுக்குக் கிளம்பும் முன் அதைப் பார்க்க ஒரு நிமிஷம்தான்.

2025 பிப்ரவரியில் மறுபடி இறங்கினோம். போன் கரையிலேயே. போட்டில் தறி என் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "இழுத்துப் பாரு" என்றான். காற்றுக் குழாயைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. "இன்னொரு தடவை." இழுத்தேன். அப்புறம் அவன் என் குழாயை இழுத்தான், கோபமா இழுத்த மாதிரித்தான் இருந்தது.

முடி நல்லா வளர்ந்திருந்தது அவனுக்கு. "எதுக்கும் இருக்கட்டும்னு வெட்டல" என்றான்.

பி.கு: எங்கம்மாவுக்கு நான் ஸ்கூபா போகிறதே தெரியாது. ஊர்க்காரங்க யாராவது படித்தால், தயவுசெய்து மூச்சு விடாதீங்க.